இணையத் திருட்டைத் தடுக்க எந்தச் சட்டம்? பயனர் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

"படத் திருட்டும் ஒழிய வேண்டும், இணையத்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. புதிதாக ஒரு சட்ட வரைவு வரும்போது எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது?" சினிமாவில் வேலை செய்பவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், ஆய்வு மாணவர்கள் எனப் பல வாசகர்கள் இதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இணையத் திருட்டுக்கு எதிரான சட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். உள்ளே இருக்கும் ஆயுதங்கள்தான் வேறு. நோட்டீஸ் அனுப்புவது, தளத்தை முடக்குவது, பண வழியை அடைப்பது, பயனரை எச்சரித்துத் தண்டிப்பது, பதிவேற்றும்போதே வடிகட்டுவது, சிறையில் தள்ளுவது என்று கடந்த கால் நூற்றாண்டில் உலக நாடுகள் முயன்று பார்த்தவை இந்த ஆறும்தான். ஒவ்வொன்றும் அடிக்கும் இடம் வேறு, தவறி விழும் இடமும் வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருட்டால் வரும் நட்டம் கற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்தில் படம் டெலிகிராமில் சுற்றத் தொடங்கினால், பெரிய நடிகரின் சம்பளத்துக்கு ஒன்றும் ஆகாது. கடன் வாங்கிப் படமெடுத்த சிறு தயாரிப்பாளருக்கு அடுத்த படம் இல்லாமல் போகும்; அவரை நம்பியிருந்த லைட்மேனுக்கும் துணை இயக்குநருக்கும் வேலை இல்லாமல் போகும். எனவே சட்டம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. எந்தச் சட்டம் என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம்.

- தவறு நேர்ந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்? புகார் கொடுத்தவரா, எந்தத் தப்பும் செய்யாத பயனரா?
- முடிவெடுப்பது யார்? நீதிபதியா, அதிகாரியா, தனியார் நிறுவனமா, மென்பொருளா?
- தவறைச் சரிசெய்ய எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?
- திருட்டு உண்மையிலேயே குறைகிறதா?

என் பார்வையில் முதல் அளவுகோலுக்கே கனம் அதிகம். தவறாகப் புகார் கொடுப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை என்றால், அந்தச் சட்டம் எவ்வளவு நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அப்பாவிகள் மீதுதான் விழும். கீழே வரும் உதாரணங்களில் இதுவே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

## நோட்டீஸ் கொடுத்து நீக்குவது

அமெரிக்கா 1998-ல் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த வழி இது. உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினால் தளம் அந்தப் பதிவை நீக்க வேண்டும். நீக்கினால் தளத்தின் மீது வழக்கு வராது. பதிவேற்றியவர் எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன் பிறகு 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால் பதிவு மீண்டும் ஏற வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தமும் 2013-ன் விதிகளும் சேர்ந்து, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் இணைப்பை எடுக்கச் சொல்கின்றன. 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவரவில்லை என்றால் தளம் அதைத் திரும்ப வைக்கலாம்.

இதன் நல்ல அம்சம், குறி சிறியது: ஒரு பதிவு, ஒரு முகவரி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பாதிக்கப்பட மாட்டார். தன் பாட்டை, தன் புகைப்படத்தை, தன் நூலை யாரோ அப்படியே ஏற்றிவிட்டார்கள் என்று தவிக்கும் தனிக் கலைஞருக்கு வக்கீல் வைக்காமலே பயன்படுவதும் இது ஒன்றுதான்.

மறைந்திருக்கும் செலவு எதிர் நோட்டீஸில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பறையாட்டத்தைப் படம்பிடித்து ஏற்றும் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பதிவின் மீது பொய்ப் புகார் வருகிறது. மறுக்க வேண்டுமானால் தன் முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எழுதித் தர வேண்டும். அது புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். கூடவே, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படச் சம்மதம் என்றும் எழுதித் தர வேண்டும். யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று முறை இப்படிப் புகார் நிலைத்துவிட்டால் சேனலே போய்விடும். எத்தனை பேர் துணிந்து மறுப்பார்கள்?

துணிந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் சாட்சி உண்டு. 2007-ல் அமெரிக்காவில் ஒரு தாய், பிரின்ஸ் பாட்டுக்குத் தன் குழந்தை ஆடுவதை 29 விநாடி வீடியோவாக ஏற்றினார். இசை நிறுவனம் நோட்டீஸ் அனுப்பி அதை நீக்க வைத்தது. நோட்டீஸ் அனுப்பும் முன், அது அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் நியாயமான பயன்பாடா என்று யோசிக்க வேண்டும் என்ற தீர்ப்பு 2015-ல்தான் வந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது 2018 ஆகிவிட்டது. இசை நிறுவனத்துக்கு அந்த நோட்டீஸை அனுப்பச் சில நிமிடங்கள் போதுமாக இருந்திருக்கும்.

இந்தியச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பிடி இருக்கிறது. ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது, பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம் என்கிறது 60-வது பிரிவு. புதிய சட்டம் எதுவாக இருந்தாலும் இந்தப் பிரிவு நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## இணையதளத்தையே முடக்குவது

இதைப் பற்றிச் சற்று அதிகம் பேச வேண்டும். இந்தியாவில் மிக அதிகமாகப் புழங்கும் ஆயுதம் இதுதான். அதன் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் இருக்கிறது.

2012-ல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. பெயர் தெரியாத நபர்களையும் கட்டுப்படுத்தும் ஜான் டோ உத்தரவு கிடைத்தது. நம் நாட்டு வழக்கில் இதை அசோக் குமார் உத்தரவு என்றும் சொல்வார்கள். அதைக் காட்டியதும் சில இணையச் சேவை நிறுவனங்கள் திருட்டு இணைப்புகளை மட்டும் அடைக்கவில்லை. விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே அந்த மே மாதத்தில் அடைத்துவிட்டன. குறும்படம் எடுத்து விமியோவில் வைத்திருந்தவர், பேஸ்ட்பினில் நிரல் துண்டுகளைப் பகிர்ந்த மென்பொருள்காரர் ஆகிய யாருக்கும் அந்தப் படத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்குத்தான் தடை, முழுத் தளத்துக்கு அல்ல என்று நீதிமன்றம் விளக்கியது ஜூன் 22-ல்.

அந்த விளக்கம் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே உயர் நீதிமன்றம் தந்த உத்தரவின் பேரில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் அடைபட்டன. பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிரதிகளைத் தேடும் எவரும் போய் நிற்கும் இடம் அது. லட்சக்கணக்கான நூல்களும் அழிந்துபோன வலைப்பக்கங்களின் பிரதிகளும் இருக்கும் ஒரு நூலகத்தை, தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து மூடினார்கள். பட்டியலைத் தயாரித்தவருக்கு அதனால் எந்த அபராதமும் இல்லை.

முடக்கப்பட்ட பக்கத்தைத் திறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைத் திரையில், அரசு அல்லது நீதிமன்ற உத்தரவுப்படி இத்தளம் தடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, என்ன தேதி, எதுவரை, யாரிடம் முறையிடுவது, எதுவும் இருக்காது. 2016-ல் ஒரு படி மேலே போய், இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றம் என்று படிக்கும்படியான அறிவிப்பு காட்டப்பட்டது. பார்ப்பது குற்றமல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல் திருத்த வேண்டி வந்தது. அதே வழக்கில் அவர் முழுத் தளங்களை முடக்க மறுத்து, சரிபார்க்கப்பட்ட 134 இணைப்புகளுக்கு மட்டும் தடை கொடுத்தார். இந்திய நீதிமன்றங்களில் எனக்கு முன்மாதிரியாகப் படுவது இந்த உத்தரவுதான்.

பிறகு காற்று வேறு பக்கம் வீசியது. ஒரு தளத்தை அடைத்தால் மறுநாள் ஓர் எழுத்து மாறிய முகவரியில் முளைக்கிறது என்பது தயாரிப்பாளர்களின் உண்மையான புலம்பல். அதை ஏற்று 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக முளைக்கும் பிரதித் தளங்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திறந்தது. 2023-ல் இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் சேர்த்தே தடை வழங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 12 அதிகாரிகளை நியமித்து, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் திருட்டுப் பிரதிகளை நீக்க நடவடிக்கை எடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. வேகம் கூடியிருக்கிறது, நீதிபதியின் கண் படும் இடம் குறைந்திருக்கிறது.

வேகத்தின் விலையை இத்தாலி காட்டுகிறது. கால்பந்து நேரலைத் திருட்டைத் தடுக்க 2024 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய பைரசி ஷீல்டு ஏற்பாட்டில், புகார் வந்த 30 நிமிடத்துக்குள் தளத்தை அடைக்க வேண்டும். அந்த மாதமே, பல தளங்களுக்கு இணைய வசதி தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஓர் ஐபி முகவரி (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) அடைபட்டு, அதைப் பகிர்ந்திருந்த தொடர்பில்லாத தளங்களும் சேர்ந்து விழுந்தன. அக்டோபர் 19-ம் தேதி கூகுள் டிரைவே அடைபட்டது. சனிக்கிழமை இரவில் தன் கோப்புகளை எடுக்க முடியாமல் திணறிய இத்தாலியருக்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவில் இதே ஆயுதம் சட்டமாகாமல் நின்றது. 2011 அக்டோபரில் பிரதிநிதிகள் அவையில் லாமர் ஸ்மித் கொண்டுவந்த சோபா (SOPA) மசோதாவும், அதற்கு முன்பே செனட்டில் பேட்ரிக் லேஹி கொண்டுவந்த பிபா (PIPA) மசோதாவும், வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களின் பெயரை, தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் மட்டத்திலேயே மறைக்கச் சொன்னன. தளத்தின் ஒரு பகுதி திருட்டுக்குப் பயன்பட்டாலும் சோபாவின் பிடியில் வரலாம். இதை எதிர்த்து 2012 ஜனவரி 18-ல் ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருண்டது. கூகுளின் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டே நாளில் இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. போராட்டத்துக்கு மறுநாள், ஜனவரி 19-ல், புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே, கோப்புகளை ஏற்றிப் பகிரும் மெகாஅப்லோடு தளத்தை அமெரிக்க அரசு மூடிவிட்டது. இருக்கும் சட்டத்துக்கே அவ்வளவு வலு இருந்தது. அந்த மூடலில் தன் சொந்த வீடியோக்களை இழந்தவர்களில், பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பிழைத்த ஓர் ஒஹாயோக்காரரும் உண்டு. தன் கோப்புகளைக் கேட்டு அவர் நீதிமன்றத்தில் அலைந்தார்.

முடக்கம் பலனே தராது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் ஒரே ஒரு பெரிய தளத்தை அடைத்தபோது மக்கள் வேறு திருட்டுத் தளங்களுக்குப் போனார்கள்; 2013-ல் 19 தளங்களைச் சேர்த்து அடைத்தபோது கட்டணச் சேவைகளின் பயன்பாடு கூடியது என்று ஆய்வு காட்டியது. ஆகவே சில இடங்களில் இது வேலை செய்யும். படம் வெளியாகும் முதல் சில நாட்கள், விளையாட்டு நேரலை போன்ற, மணிக்கணக்கில் மதிப்பு கரையும் சரக்குக்கு வேறு எந்த வழியும் போதிய வேகத்தில் வராது. திருட்டு ஒன்றையே தொழிலாகக் கொண்ட தளம், நீதிபதி பார்த்த பட்டியல், முடியும் தேதி ஆகிய மூன்றும் இருந்தால் ஆதரிக்கலாம். அமெரிக்காவில் சோபாவை எதிர்த்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜோயி லாஃப்கிரனே 2025 ஜனவரியில் வெளிநாட்டுத் தளங்களை நீதிமன்ற உத்தரவின் பேரில் அடைக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். விவாதம் அங்கும் முடியவில்லை.

## பண வழியை அடைப்பது

திருட்டுத் தளங்கள் சேவை மனப்பான்மையில் நடப்பதில்லை. திருட்டுப் பிரதியின் மூலையில் ஓடும் சூதாட்ட விளம்பரத்தைப் பார்த்தாலே யார் காசில் நடக்கிறது என்று புரியும். விளம்பரத்தையும் கட்டணத்தையும் நிறுத்தினால் தளம் தானே வாடும். பயனரின் இணைப்பில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. சோபாவுக்கு மாற்றாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் ரான் வைடனும் டேரல் ஐசாவும் முன்வைத்த ஓபன் (OPEN) மசோதாவின் அடிப்படை இதுதான். அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணையம் இரு தரப்பையும் விசாரித்து, வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களுக்குப் போகும் பணத்தை மட்டும் நிறுத்தும். அது நிறைவேறவில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

விசாரணை என்ற சொல்தான் இதில் உயிர். சோபாவின் முதல் வடிவத்தில் உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினால் போதும், ஐந்து நாளில் பணம் நிற்கும், நீதிமன்றம் தேவையில்லை. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு வந்த நன்கொடைகளை விசாவும் மாஸ்டர்கார்டும் பேபாலும் எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் நிறுத்தியதை நினைத்துப் பார்த்தால், அது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். கிரிப்டோ நாணயத்தில் வாங்கும் தளங்களுக்கு இந்த வழி எட்டாது என்பதும் உண்மை.

## பயனரை எச்சரித்துத் தண்டிப்பது

பிரான்ஸ் 2009-ல் ஹடோபி என்ற அமைப்பை உருவாக்கியது. பதிவிறக்கம் செய்தவருக்கு முதலில் மின்னஞ்சல், பிறகு பதிவுத் தபால், மூன்றாவது முறை இணைப்புத் துண்டிப்பு. நீதிபதி இல்லாமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று அந்நாட்டு அரசியல் சாசன மன்றம் உடனே தலையிட்டது. 2012-ல் முதன்முதலாக அபராதம் கட்டியவர் கிழக்குப் பிரான்சைச் சேர்ந்த ஒருவர், 150 யூரோ. பாட்டைப் பதிவிறக்கியது தான்தான் என்று அவர் மனைவி நீதிமன்றத்திலேயே சொன்னார். ஆனாலும் இணைப்பு கணவர் பெயரில் இருந்ததால் அபராதம் அவருக்கு. துண்டிப்புத் தண்டனை 2013 ஜூலையில் கைவிடப்பட்டது.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தாது. ஒரே இணைப்பில் முழுக் குடும்பம், விடுதியில் ஒரே வைஃபையில் நூறு மாணவர்கள், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபி முகவரியின் பின்னால் ஆயிரக்கணக்கானோர். முகவரியைப் பிடித்தால் ஆளைப் பிடித்ததாகாது. இதில் கடன் வாங்கத்தக்க ஒரே யோசனை நியூசிலாந்துடையது: ஒவ்வொரு நோட்டீஸுக்கும் உரிமையாளர் 25 டாலர் கட்ட வேண்டும். காசு கட்ட வேண்டும் என்றால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் அனுப்ப மாட்டார்கள்.

## பதிவேற்றும்போதே வடிகட்டுவது

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச் 26-ல் 348-க்கு 274 என்ற வாக்கில் நிறைவேற்றிய பதிப்புரிமை நெறிமுறையின் 17-வது பிரிவு, பெரிய தளங்களை இந்தப் பக்கம் தள்ளுகிறது. போலந்து எதிர்த்து வழக்குப் போட்டது. சட்டப்படியான பதிவுகளைத் தடுக்காத வகையில்தான் வடிகட்டலாம் என்ற நிபந்தனையோடு 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்றது.

மென்பொருளுக்கு ஒலி ஒத்துப்போகிறதா என்று தெரியும். விமர்சனமா, நையாண்டியா, பொதுச் சொத்தா என்று தெரியாது. தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதே கீர்த்தனையை ஓர் இசை நிறுவனம் ஒலிப்பதிவாக வைத்திருந்தால், வீட்டில் பாடி ஏற்றிய பெண்ணின் குரலையும் இயந்திரம் அதனுடையதாக எண்ணக்கூடும். யூடியூப் தானே வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: 2021-ன் முதல் பாதியில் தானியங்கி முறையில் 72 கோடிக்கும் மேற்பட்ட உரிமைக் கோரல்கள். மறுக்கப்பட்டவை சுமார் 37 லட்சம்தான், அவற்றில் 60 சதவீதம் பதிவேற்றியவர் பக்கமே முடிந்தன. மறுக்கத் தெரியாமல் விட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒரு நிறுவனம் தன் தளத்தில் இதை வைத்துக்கொள்வது வேறு. சட்டமே கட்டாயப்படுத்துவது வேறு. கட்டாயமானால் யூடியூபுக்குக் கட்டுபடியாகும். அதற்குப் போட்டியாக முளைக்க நினைக்கும் சிறு தளத்துக்குக் கட்டுபடியாகாது.

## சிறைத் தண்டனை

2023-ன் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் வைக்கிறது. கேமராவோடு திரையரங்கில் உட்காரும் ஆளையும், அவருக்குக் காசு கொடுக்கும் கும்பலையும் பிடிக்க இது சரியான கருவி. பொதுப் பயனருக்கு இடைஞ்சல் இல்லை. தமிழ்நாடு 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும் தடுப்புக் காவலுக்கும் பதிப்புரிமைக்கும் பொருத்தம் கிடையாது.

## ஒரு பார்வையில்

| வழி | முடிவெடுப்பவர் | தவறினால் பாதிப்பு யாருக்கு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|
| நோட்டீஸ் | தளம் | பதிவேற்றியவருக்கு | தனிப் படைப்பாளி, தனிப் பதிவு |
| முடக்கம் | நீதிபதி அல்லது அதிகாரி | தொடர்பில்லாத பல ஆயிரம் பேருக்கு | வெளியீட்டு நாட்கள், நேரலை |
| பண வழி அடைப்பு | விசாரணை மன்றம் | தள உரிமையாளருக்கு | வெளிநாட்டு வணிகத் தளங்கள் |
| எச்சரிக்கை | அரசு அமைப்பு, நீதிமன்றம் | இணைப்பு வைத்திருப்பவருக்கு | இந்தியாவில் எப்போதும் இல்லை |
| வடிகட்டி | மென்பொருள் | பாடுபவர், விமர்சகர், சிறு தளம் | நிறுவனம் தானாக வைத்தால் மட்டும் |
| சிறை | குற்றவியல் நீதிமன்றம் | குற்றம் சாட்டப்பட்டவருக்கு | பதிவு செய்து விற்கும் கும்பல் |

## வரைவு வெளியாகும்போது

சிறு தயாரிப்பாளராக இருந்தால் முதல் பத்து நாட்களுக்கான குறுகிய முடக்கமும் பண வழி அடைப்பும் சேர்ந்த ஏற்பாட்டைக் கேளுங்கள். ஆண்டு முழுவதும் நீளும் பட்டியல், வசூல் முடிந்த படத்துக்கு எந்தப் பயனும் தராது. சேனல் நடத்துபவராக இருந்தால் எதிர் நோட்டீஸில் வீட்டு முகவரியைப் புகார்தாரருக்குக் காட்டாத ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர், வாசகர், பொதுப் பயனர் என்றால், எச்சரிக்கை முறையோ கட்டாய வடிகட்டியோ வரைவில் இருந்தால் எதிர்த்து எழுதுங்கள். கருத்துக் கேட்பு அறிவிப்புகளில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள், தமிழிலேயே எழுதலாம்.

எந்த வரைவானாலும் இரண்டு திருத்தங்களைக் கேட்டே ஆக வேண்டும். தவறான பட்டியலோ நோட்டீஸோ கொடுத்தவர், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு தர வேண்டும். இத்தனை நாளுக்குள் என்று காலக்கெடுவும் வேண்டும். அடுத்தது, முடக்கப்பட்ட ஒவ்வொரு பக்கத்திலும் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், உத்தரவின் தேதி, முடியும் தேதி, முறையிட வேண்டிய முகவரி ஆகியவை பயனர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். 2016-ன் பம்பாய் உத்தரவிலேயே இதற்கு அடித்தளம் இருக்கிறது: சட்டப் பிரிவுகளைப் பக்கத்தில் காட்டவும், கேட்பவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் வழக்கு விவரம் தரவும் அது சேவை நிறுவனங்களுக்குச் சொன்னது. அதைச் சட்டத்தில் எழுதிவைக்க ஒரு பத்தி போதும்.